எடை கூடாமலே வரும் சர்க்கரை நோய்: காரணங்கள் எங்கே தொடங்குகின்றன?

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் ஒரு படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. எந்த அளவுகோலின்படியும் இருவருமே குண்டானவர்கள் அல்லர். ஆனால் உடலில் எத்தனை பங்கு கொழுப்பு என்று அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. யூட்கின் மாரத்தான் ஓடுபவர். தம்முடைய உடற்பயிற்சி, காலையில் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் என்று யாஜ்னிக் தம்மையே கிண்டல் செய்துகொண்டார்.

இரண்டாம் வகை நீரிழிவு யாருக்கு வரும் என்பதைப் பற்றி நம்மிடையே உலவும் பல கணிப்புகள் தவறிப்போவதற்கான விளக்கம் இந்தப் படத்தில் இருக்கிறது. நீரிழிவு என்றால் பருத்த உடம்பு, இனிப்பைக் கட்டுப்படுத்தாத நாக்கு, அறுபது வயது என்ற சித்திரம் மனதில் பதிந்துவிட்டதால், முப்பத்தெட்டு வயதில், அறுபத்திரண்டு கிலோ எடையில், காப்பியில்கூடச் சர்க்கரை குறைத்துப் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருப்பதாகப் பரிசோதனைச் சீட்டு சொல்லும்போது, அவரும் வீட்டாரும் முதலில் அந்தச் சீட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் 1,13,043 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேரும் பருத்த உடம்புக்காரர்கள் அல்லர் என்பதை ஊரில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

நோய் உண்டாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் காரணங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் முறை விளங்கும். சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாக ரத்தத்தில் கலக்கிறது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலினின் கட்டளையை ஏற்றுத் தசைகளும் கல்லீரலும் அந்தக் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. முதல் வகை நீரிழிவில் பீட்டா செல்கள் உடலின் சொந்த எதிர்ப்பாற்றலாலேயே அழிக்கப்படுகின்றன. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அதன் பேச்சு எடுபடுவதில்லை. ஈடுகட்டுவதற்காகக் கணையம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து பார்க்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதற்கு முடியாமல் போகும்போதுதான் ரத்தச் சர்க்கரை எல்லை தாண்டுகிறது. அந்த நாளில்தான் நோய் வந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் பல ஆண்டுகளுக்கு முன்பே அது புறப்பட்டுவிட்டது.

இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போவதற்குக் கொழுப்பின் அளவைவிட அது போய்ச் சேரும் இடம் பெரிய காரணம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வீட்டிலுள்ள பத்தாயம் போன்றது. நெல் அதில் இருக்கும்வரை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பத்தாயம் சிறியதாக அமைந்துவிட்ட வீட்டில், விளைச்சல் கொஞ்சம் கூடினாலும் மூட்டைகளைக் கூடத்திலும் சமையலறையிலும் அடுக்க வேண்டிவருகிறது. தெற்காசிய உடல்களில் இதுதான் நடக்கிறது. மிகையான கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், கணையத்திலும் போய்த் தங்குகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேளாமல் இரவெல்லாம் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இரவில் எதுவுமே சாப்பிடாதவருக்கும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருப்பதன் ரகசியம் இது. ஒவ்வொருவருக்கும் அவரவர் உடல் தாங்கக்கூடிய ஒரு கொழுப்பு வரம்பு உண்டு என்றும், அதைத் தாண்டும்போதே நோய் தோன்றுகிறது என்றும் பிரிட்டனின் நீரிழிவு ஆய்வாளர் ராய் டெய்லர் விளக்குகிறார். ஒருவருக்கு அந்த வரம்பு தொண்ணூறு கிலோவில் இருக்கலாம். இன்னொருவருக்கு அறுபதிலேயே முடிந்துவிடலாம்.

நம் பத்தாயம் ஏன் சிறியதாக அமைந்தது? 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர், பஞ்ச காலத்தில் தப்பிப் பிழைக்க உதவிய சிக்கன மரபணுக்கள் செழிப்பான காலத்தில் நோயாக மாறுகின்றன என்றொரு கருத்தை முன்வைத்தார். கேட்க அழகான கருத்து. அப்படியொரு தனி மரபணு மட்டும் அகப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஹேல்ஸ், பார்க்கர் ஆகிய இருவரும் விடையைக் கருப்பையில் தேடச் சொன்னார்கள். தாய்க்கு ஊட்டம் போதாதபோது, கருவிலுள்ள குழந்தை மூளையைக் காப்பாற்றிக்கொண்டு தசையையும் கணையத்தையும் சிக்கனமாகக் கட்டுகிறது. அந்தச் சிக்கனத்துக்கான விலையை நடுவயதில் கொடுக்கிறது. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதை ஒட்டிப் பரிசோதித்தபோது, அவர்களுடைய உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது.

யாஜ்னிக்கின் குழு புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து கண்டது இதைவிட நமக்கு நெருக்கமானது. அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2.7 கிலோ; ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை குறைவு, தலை சிறியது, வயிறு சிறியது, கைகால் தசை மெலிந்தது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பின் தடிப்பில் மட்டும் அவ்வளவு பெரிய குறைவு இல்லை. தசை குறைந்து கொழுப்பு காப்பாற்றப்பட்ட உடலோடு அக்குழந்தைகள் பிறந்திருந்தன. படத்தில் நின்ற யாஜ்னிக்கின் உடலமைப்பு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். தில்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட ஒரு தலைமுறையில், கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து பிறகு பள்ளிப் பருவத்தில் மற்றவர்களைவிட வேகமாகச் சதை போட்டவர்களுக்கே இளவயதில் நீரிழிவு அதிகம் தென்பட்டது. சிறியதாகப் பிறந்த பேரனைக் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டுவேன் என்று பாட்டி சபதம் எடுப்பதில் அன்பு குறைவில்லை. அந்தக் குழந்தையின் கணையத்துக்கு அது எளிதான செய்தியில்லை.

பரம்பரையின் பங்கை இதற்காக மறுத்துவிட முடியாது. தாய் தந்தையரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் ஏறக்குறைய 70 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட டிசிஎஃப்7எல்2 மரபணு தொடங்கி, இன்று நூற்றுக்கணக்கான மரபணுப் பகுதிகள் பட்டியலில் உள்ளன. ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. அதே சமயம் குடும்பம் கடத்துவது மரபணுவை மட்டுமா என்றும் கேட்க வேண்டும். ஒரே அரிசி மூட்டை, ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே சோபா ஆகியவையும் தலைமுறையாகக் கைமாறுகின்றன. சென்னை நகரில் 1989இல் 8.3 சதவீதமாக இருந்த நீரிழிவு, 2004இல் 14.3 சதவீதமாகியிருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் நகர மக்களின் மரபணுக்கள் மாறிவிடவில்லை. வெடிமருந்து பரம்பரையாக வந்ததாகவே இருக்கட்டும், திரியைப் பற்றவைத்தது வாழ்க்கை முறைதான்.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி என்றால், எடை பார்க்கும் கருவியைவிடத் தையற்காரரின் இஞ்சு டேப் நமக்கு அதிகம் சொல்லும். ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட அளவு. ஐரோப்பியர்களுக்கு அது 25. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. “இருபது வருஷமாக எனக்கு முப்பத்து நாலு சைஸ் பேண்ட்தான்” என்று பெருமைப்படும் ஆண்கள் பலருண்டு. அவர்களுடைய பெல்ட் ஆண்டுக்கு ஆண்டு சற்றே கீழிறங்கி வயிற்றுக்கு அடியில் போய் நின்றிருக்கும்; வயிறு அதற்கு மேலே தன் போக்கில் வளர்ந்திருக்கும். அளக்க வேண்டிய இடம் பெல்ட் போடும் இடமன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்த நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். முப்பத்து நான்கு என்று சொன்னவருக்கு அங்கே முப்பத்தெட்டு இருப்பது வியப்பில்லை.

சென்னையில் மருத்துவர் வி. மோகனின் ஆய்வுக் குழு 2005இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்’ முறை இந்த டேப்பையும் மூன்று கேள்விகளையும் மட்டுமே கேட்கிறது. ஊசியும் இல்லை, செலவும் இல்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்துக்கும் நாற்பத்தொன்பதுக்கும் இடையில் என்பதால் 20 மதிப்பெண். இடுப்பு 94 சென்டிமீட்டர், அதற்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை. அதற்கு மட்டும் 30. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு; அதற்கு 10. மொத்தம் 70. நூற்றுக்கு அறுபதும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம் என்று பொருள். பரீட்சை மதிப்பெண்ணைப் போல இதில் கூடுதல் வாங்குவது பெருமையாகாது. இந்த 70இல் வயதுக்கும் அம்மாவுக்கும் உரிய 30ஐ அவரால் மாற்ற முடியாது, மீதி 40ஐ முடியும் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இம்முறை எடையைக் கேட்கவே இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

டேப்புக்கும் முன்னால் தோலே சில சமயம் சொல்லிவிடுகிறது. பிள்ளையின் பின்கழுத்தில் வெல்வெட்டைப் போலத் தடித்துக் கறுத்த பட்டை ஒன்று தென்பட, சரியாகக் குளிக்காததால் சேர்ந்த அழுக்கு என்று நினைத்துத் தாய் அதை நாரால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் அது அழுக்கில்லை. ரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டுவதால் உண்டாகும் கருமை அது. அக்குளிலும் தொடையிடுக்கிலும்கூட வரும். கணையம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் இதைவிட எளிதாக வேறு கிடையாது. இதேபோல, வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்ற ஒரு வரி இருக்கும். ‘இது இப்போ எல்லாருக்கும் இருக்கு’ என்று சொல்லி அறிக்கையை அலமாரியில் வைத்துவிடுகிறோம். அந்த வரி சொல்வது பத்தாயம் நிரம்பிவிட்டது என்பதைத்தான்.

உணவுக்கு வந்தால், குற்றவாளிக் கூண்டில் சர்க்கரை மட்டும் நிற்பது நியாயமில்லை. இனிப்புப் பானங்களுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உறுதியானதுதான். ஆனால் ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்தின் மாவுச்சத்தில் பெரும்பங்கு சர்க்கரை டப்பாவிலிருந்து வருவதில்லை, அரிசிப் பானையிலிருந்து வருகிறது. காலையில் இட்லி அல்லது பொங்கல், மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை எனச் சோறு, இரவில் தோசை என்று ஒரு நாள் கழிகிறது. தவிடும் முளையும் நீங்கத் தீட்டப்பட்ட வெள்ளை அரிசி விரைவில் குளுக்கோஸாகிறது. 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெந்த சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அந்தக் கூடுதல் தெற்காசியாவில்தான் மிக அதிகமாக, 61 சதவீதமாக இருந்தது. 450 கிராம் சோறு என்பது நம் இலையில் பெரிய அளவே இல்லை என்பதைப் பரிமாறுகிறவர்கள் அறிவார்கள். வயலில் பத்து மணி நேரம் குனிந்து நிமிர்ந்தவரின் தசைக்கு அந்தச் சோறு எரிபொருள். வயல் போய்க் கல்லா வந்தபிறகும் இலையின் அளவு மாறாததில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்த இடத்தில் நாம் செய்துகொள்ளும் சமாதானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் சேர்ந்தால் மாவுச்சத்துக் கணக்கில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி என மாறுவோர், பெயர் மாறினாலும் அவற்றில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம். நைசாக அரைத்துக் கூழாகவோ மால்ட்டாகவோ குடிக்கும்போது அதன் நன்மையில் ஒரு பகுதியை அரவை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. தட்டில் குறைந்திருப்பது பெரும்பாலும் பருப்பும் பயறும் காய்கறியும் முட்டையும் மீனுமாக இருக்க, நாம் ஒரு மாவை எடுத்துவிட்டு இன்னொரு மாவை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. பிறக்கும்போதே தசை குறைவாக அமைந்த உடல் அதை உழைக்கவும் விடாவிட்டால் குளுக்கோஸ் போவதற்கு இடமே இல்லை. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் படைத்தது. சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பவரின் சர்க்கரை சட்டென்று இறங்குவது அதனால்தான். மேற்சொன்ன 2023ஆம் ஆண்டு ஆய்வில் நகரங்களில் நீரிழிவு 16.4 சதவீதமாகவும் கிராமங்களில் 8.9 சதவீதமாகவும் இருந்தது. ஏற்றமும் கலப்பையும் அம்மியும் போய், மோட்டாரும் டிராக்டரும் மிக்சியும் வந்த கிராமங்களில் இந்த இடைவெளி நிலைக்கும் என்று நான் நம்பவில்லை.

ஏனைய காரணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புகைபிடிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம்வரை கூடுதல். உயர் ரத்த அழுத்தமும், ரத்தத்தில் கூடிய டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இதே வேரிலிருந்து கிளைப்பவை. தூக்கம் குறைவதும், உறக்கத்தில் மூச்சடைத்துக் குறட்டை விடுவதும், இரவுப் பணி மாறி மாறி வருவதும் இன்சுலினின் செயலைக் குலைக்கின்றன. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் சர்க்கரையை நேரடியாகவே ஏற்றும். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் அது கலந்திருப்பதும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் ஆபத்தைச் சிறிது கூட்டுகிறது. ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் அது தரும் நன்மை பெரிது என்பதால், அந்தப் பயத்தில் மருந்தை நிறுத்துவது தவறு.

பெண்களுக்கெனத் தனியாக ஒரு பாதை இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிகள் என்று நாம் சொல்லும் கோளாறு, இன்சுலினின் பேச்சு எடுபடாத இதே நிலையோடு நெருங்கிய தொடர்புடையது. கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறிப் பிரசவத்தோடு இறங்கிவிட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, அப்படி ஏறாத பெண்ணைவிட ஏழு முதல் பத்து மடங்கு. சென்னை மருத்துவர் வி. சேஷையா இதற்காகவே பல்லாண்டு பாடுபட்டார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்கும் எளிய முறை அவருடைய முயற்சியால் பரவியது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. கர்ப்பத்தில் காட்டும் அக்கறை பிரசவத்துக்குப் பின் தொடர்வதில்லை என்பதுதான் குறை. ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசி போட அவர் சுகாதார நிலையத்துக்கு வருகிறார். குழந்தைக்கு ஊசி போடப்படுகிறது, அட்டையில் தேதி எழுதப்படுகிறது. தாயை யாரும் கேட்பதில்லை, அவரும் கேட்பதில்லை. கருவில் மிகுந்த சர்க்கரைக்கு ஆட்பட்ட அந்தக் குழந்தையும் நாளை ஆபத்து வரிசையில் நிற்கப்போகிறது. ஊட்டம் குறைந்த கருப்பையும் சர்க்கரை மிகுந்த கருப்பையும் எதிரெதிர்த் திசையிலிருந்து புறப்பட்டு ஒரே நோயில் வந்து சேர்கின்றன.

கடைசியாக, ‘பார்டரில் இருக்கு’ என்று நாம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளும் நிலை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்பது அந்த எல்லைப் பகுதி. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் இந்நிலையிலிருந்த 531 பேரிடம் நடத்திய தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றே ஆண்டில் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வில் அப்படி விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் நோய்க்குள் போனவர்கள் சுமார் 29 சதவீதம்தான். நம்முடைய எல்லைக்கோடு நின்று இளைப்பாறும் இடமாக இல்லை. உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் நோய்க்குள் போனவர்கள் 39.3 சதவீதமாகக் குறைந்தார்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆபத்து மட்டும் குறைந்தது. ஒரு மாதம் நடந்தும் எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் தவறான கருவியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

எல்லைக்குள் இருக்கிறோமா என்பதை அறிவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியர்கள் பலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருக்க, சாப்பிட்ட பின் வரும் அளவுதான் முதலில் கெடுகிறது; வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று திரும்புகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு எச்பிஏ1சி சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. இனி, பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, நல்ல பிள்ளையாக ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கமான மாவுச்சத்து உணவையே சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதுதான் விதி. முப்பது வயதைக் கடந்து, குடும்பத்தில் ஒருவருக்காவது நோய் இருந்து, டேப்பும் எல்லையைத் தாண்டியிருந்தால், உடம்பு ஒல்லியா பருமனா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் ஆய்வகப் பெஞ்சில் காத்திருந்து அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.